கப்பலேறுதல்: சொல்லும் துறைமுக வழக்கும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கொழும்பில் மொழிபெயர்ப்பு வேலை செய்வோர், ஏற்றுமதிக் கொம்பனிகளின் எழுதுவினைஞர்கள், கப்பல் வேலைக்குப் போகும் இளைஞர்கள், தமிழ் படிக்கும் மாணவர்கள் ஆகியோர் இந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான விடைகள் இவை. பாதி மொழியைப் பற்றியவை, பாதி துறைமுகத்தைப் பற்றியவை. இந்தச் சொல்லைப் பொறுத்தவரை இரண்டையும் பிரித்து வைக்க முடியாது.

"கப்பலில் ஏறினான்", "கப்பலேறினான்": இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வெல்டர் தினமும் காலையில் கப்பலில் ஏறுகிறார், பின்னேரம் இறங்கி வீட்டுக்குப் போகிறார். அவரைக் "கப்பலேறினார்" என்று யாரும் சொல்வதில்லை. "அவர் மகன் போன மாசம் கப்பலேறிட்டான்" என்றால், மகன் ஊரைவிட்டுப் போய்விட்டான், உடனே திரும்பி வரமாட்டான் என்று பொருள். முதலாவது காலின் வேலை, இரண்டாவது பயணம்.

இது கப்பலுக்கு மட்டும் உள்ள விசேடம் இல்லை. தமிழில் பெயரும் வினையும் வேற்றுமை உருபு இல்லாமல் ஒட்டிக்கொள்ளும்போது பல இடங்களில் பொருள் விரிந்துவிடும். மேடையில் ஏறுவது மின்குமிழ் மாட்டுகிறவரும் செய்யக்கூடியது. மேடையேறுவது பேசவோ பாடவோ நடிக்கவோ போகிறவர் செய்வது. அரங்கேறுதல், அரியணையேறுதல், கரையேறுதல் எல்லாம் இப்படித்தான். கரையில் ஏறினான் என்றால் கால் மண்ணில் பட்டது. கரையேறினான் என்றால் கஷ்டத்திலிருந்து மீண்டான்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: அந்த ஆள் இராச்சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரலாமா? வரலாம் என்றால் "கப்பலில் ஏறினார்" என்று எழுதுங்கள்.

எழுத்துக்கூட்டலில் எங்கே பிழை வரும்?

றகரத்தில்தான். கப்பல் + ஏறு = கப்பலேறு. "கப்பலேரி" என்று எழுதினால் அது நீர்நிலை ஆகிவிடும். ஏரி வேறு, ஏறி வேறு. சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதற்கு விடை மேலே உள்ளது: பயணம் என்ற பொருளில் சேர்த்து எழுதுவதே நல்லது. வல்லினத்தில் தொடங்கும் சொல் பின்னால் வந்தால் ல் ற் ஆகும்: கப்பற்படை, கப்பற்கூலி. ஏறு உயிரில் தொடங்குவதால் அந்தத் திரிபு இங்கே இல்லை.

"மானம் கப்பலேறிப் போச்சு" என்பதில் கப்பல் எப்படி வந்தது?

அவமானம் ஊரறியப் போய்விட்டது, இனி மீட்க வழியில்லை என்பதற்கு இப்படிச் சொல்கிறோம். இதற்குப் பல கதைகள் கட்டப்படுகின்றன. கதை தேவையில்லை, மொழிக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. "அந்தக் காலம் மலையேறிப் போச்சு" என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே மலை, இங்கே கப்பல். இரண்டிலும் ஏறிப் போனது கைக்கு எட்டாத இடத்துக்குப் போனது. நங்கூரம் தூக்கிய கப்பலைக் கரையில் நின்று கூப்பிட்டால் அது நிற்காது. அது அடுத்த துறைக்கும் போகும், செய்தியும் கூடவே போகும்.

பயன்பாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மானம், மரியாதை, குடும்பப் பெயர் போன்றவைதான் கப்பலேறும். பணமோ விலையோ ஏறாது. "சீனி விலை கப்பலேறிவிட்டது" என்று செய்தித் தலைப்புப் போடுவது பிழை. விலை ஏறும், அவ்வளவுதான்.

"கப்பல் கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு" என்பது வேறு தொடர். அது கரையில் காத்திருந்து எல்லாவற்றையும் இழந்த வியாபாரியின் நிலை. இரண்டையும் கலக்க வேண்டாம்.

ஏறு, ஏற்று: எப்போது எது?

ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. பயணி ஏறுவார், பெட்டி ஏற்றப்படும். இலக்கணம் இவ்வளவுதான். ஆனால் மனிதரைப் பற்றி எழுதும்போது தெரிந்தெடுக்கும் வினை ஒரு தீர்ப்பையும் சொல்லிவிடுகிறது. 1958இலும் 1983இலும் வன்முறைக்குப் பின் கொழும்பின் அகதி முகாம்களிலிருந்து தமிழர்கள் கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அதைப் பற்றி "கப்பலேறினார்கள்" என்று எழுதினால் அவர்களாக விரும்பிப் பயணம் போனதுபோல் ஆகிவிடும். "கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள்" என்பதே நடந்ததைச் சொல்லும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத்திலிருந்து தலைமன்னார் போய் இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியவர்கள் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். விண்ணப்பித்துப் போனவர்களும் உண்டு, வேறு வழியில்லாமல் போனவர்களும் உண்டு. எந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறீர்களோ, அதைக் கேட்டு வினையைத் தெரிந்தெடுங்கள்.

"கப்பலேற்றி விடு" என்பதற்கு வழியனுப்பி வை என்ற அன்பான பொருளும் உண்டு: "தம்பியைக் கப்பலேத்தி விட்டுட்டு இப்பதான் வாறன்."

ஆங்கில "எம்பார்க்" என்பதற்குக் கப்பலேறு சரியான தமிழா?

பாதிக்குச் சரி. அந்த ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. உள்ளே இருப்பது "பார்க்கா", படகைக் குறிக்கும் பிற்கால இலத்தீன் சொல். படகுக்குள் போவதுதான் அதன் மூலப்பொருள். ஆகவே பயணிகளைப் பற்றிய வசனத்தில் கப்பலேறு அழகாகப் பொருந்தும்.

தொல்லை மற்றப் பாதியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் புதிய தொழில், ஆராய்ச்சி, போராட்டம் எதைத் தொடங்கினாலும் அதே சொல்லைப் போடுவார்கள். அதைத் தமிழில் ஏற வைத்தால் வசனம் கெட்டுவிடும். நாம் ஒரு காரியத்தில் ஏறுவதில்லை, இறங்குகிறோம்: வியாபாரத்தில் இறங்கினான், தேர்தலில் இறங்கினார், களத்தில் இறங்கினார்கள், வேலையில் இறங்கு. ஆங்கிலக்காரருக்குத் தொடக்கம் என்பது கரையிலிருந்து கப்பலுக்கு ஏறுவது. நமக்கு அது வரம்பிலிருந்து வயலுக்குள் இறங்குவது. "அவர் புதிய வணிக முயற்சியொன்றை நோக்கிய பயணத்தை ஆரம்பித்தார்" என்று நீட்டி மொழிபெயர்ப்பதை அடிக்கடி பார்க்கிறோம். "புதிய வியாபாரத்தில் இறங்கினார்" என்று எழுதினால் போதும்.

ஏறுகிற இடத்தை ஏன் "இறங்குதுறை" என்கிறோம்?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றுதான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறுகிறோம். பெயரை வைத்தவர்கள் கடலிலிருந்து வருகிறவரை நினைத்து வைத்தார்கள். "ஏறுதுறை" என்று திருத்தத் தேவையில்லை, வழக்கில் உள்ள சொல்லே போதும். கொழும்பில் தமிழர் வாயில் "ஜெட்டி" என்றே வரும்.

கொழும்பில் முன்பு எப்படிக் கப்பலேறினார்கள்?

படகில் போய்த்தான். தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் முதற்கல் வைத்து, 1885இல் அது முடியும்வரை, கொழும்பு தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் திறந்த துறை. அதனால்தான் பெரிய நீராவிக் கப்பல்கள் காலியை நாடின. அலைதாங்கி வந்தபிறகும் கப்பல்கள் துறைமுகத்தின் நடுவே நின்றன. பயணிகள் கோட்டையில் இருந்த பயணிகள் ஜெட்டியிலிருந்து படகில் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய படிக்கட்டில் ஏறினார்கள். பெரிய கப்பல்கள் அணைகரையில் வந்து ஒட்டி நிற்பது 1950களில், எலிசபெத் மகாராணி அணைகரை போன்றவை வந்தபிறகு வழமையானது. நம் பேச்சில் கப்பலுக்கு "ஏறு" இவ்வளவு அழுத்தமாக நின்றதற்கு அந்தத் தொங்கு படிக்கட்டும் ஒரு காரணமாக இருக்கலாம். அதில் ஏறியவர் உண்மையாகவே செங்குத்தாக ஏறினார்.

இன்றைக்குக் கொழும்பிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேற முடியுமா?

ஒழுங்கான பயணிகள் சேவையாக இல்லை. தூத்துக்குடி–கொழும்பு பழைய பாதை, சுமார் 150 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 280 கிலோமீற்றர். வ.உ.சிதம்பரம்பிள்ளை 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கொம்பனி ஓடியது இந்தப் பாதையில்தான். அவருக்கு மக்கள் வைத்த அடைமொழியில் உள்ள வினை "ஓட்டு", "ஏறு" அல்ல. பிறருடைய கப்பலில் ஏறிப் போவது வேறு, சொந்தக் கப்பலை ஓட்டுவது வேறு என்ற அந்த வேறுபாட்டில்தான் அவருடைய அரசியல் முழுவதும் இருந்தது.

1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் சேவை தொடங்கியது. ரயிலையும் கப்பலையும் ஒரே டிக்கட்டில் இணைத்த அதைத்தான் "போட் மெயில்" என்றார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய சேவையும் 1984உடன் நின்றது. 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பல் ஒன்று தொடங்கி, அதே ஆண்டு நவம்பரில் நின்றுவிட்டது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைச் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நிறுத்தப்பட்டு, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பமானது. வடகீழ்ப் பருவக்காலத்தில் அந்தச் சேவை நிறுத்தப்படுவதுண்டு. டிக்கட் போடுமுன் நாளை உறுதிப்படுத்துங்கள்.

படிவத்தில் "ஏறிய துறைமுகம்" என்றால் எதை எழுதுவது?

நீங்கள் இப்போது வந்த கப்பலிலோ விமானத்திலோ எங்கே ஏறினீர்களோ, அந்த இடத்தை. சொந்த ஊரையோ, கடவுச்சீட்டு எடுத்த நாட்டையோ அல்ல. இலண்டனில் புறப்பட்டு, டோஹாவில் வேறு விமானத்துக்கு மாறிக் கட்டுநாயக்கவில் இறங்கினால், பொதுவாக எழுத வேண்டியது டோஹா. விமான இலக்கமும் அந்தக் கடைசி விமானத்தினுடையது. இரண்டும் பொருந்தாமல் இருப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

ஏற்றுமதியில் "கப்பலேற்றல்" எந்த நிமிடத்தில் நடந்ததாகக் கணக்கு?

இதில்தான் சொல் பணமாக மாறுகிறது. தேயிலைப் பெட்டிகள் நிரம்பிய கொள்கலன் துறைமுக வாசலைத் தாண்டினால் அது கப்பலேற்றல் ஆகாது. கப்பலில் வைக்கப்பட்டால்தான் ஆகும். சரக்கைப் பெற்றதற்குக் கப்பல் கொம்பனி தரும் பத்திரமான பில் ஒஃப் லேடிங்கில் இரண்டு வகை வாசகம் வரும். ஒன்று "ஏற்றுவதற்காகப் பெற்றுக்கொண்டோம்" என்பது. மற்றது "கப்பலில் ஏற்றியாயிற்று" என்பது. நாணயக் கடிதத்தின் (பத்திரங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதி) கீழ்ப் பணம் கேட்கும்போது வங்கி தேடுவது இரண்டாவதைத்தான். முதல் வகைப் பத்திரம் கையில் இருந்தால், கப்பலில் ஏற்றிய திகதியுடன் குறிப்பு ஒன்று அதில் சேர்க்கப்பட வேண்டும். அந்தத் திகதியே ஏற்றுமதித் திகதியாக எடுக்கப்படும். நாணயக் கடிதம் குறித்த கடைசி நாளை அது ஒரு நாள் தாண்டினாலும் வங்கி பத்திரங்களை மறுக்கலாம்.

எப்.ஓ.பி. விலையிலும், அதாவது பொருளைக் கப்பலில் ஏற்றிக் கொடுப்பதுவரை விற்பவர் பொறுப்பு என்ற விலையிலும், இதே கேள்விதான். இன்கோடேர்ம்ஸ் எனப்படும் சர்வதேச வணிக விதிகளின் பழைய பதிப்புகளில் பொருள் கப்பலின் பக்கக் கம்பியைக் கடந்தவுடன் ஆபத்துப் பொறுப்பு வாங்குபவருக்கு மாறியது. 2010 பதிப்பு, 2011 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தபோது அந்தக் கற்பனைக் கோட்டை எடுத்துவிட்டு, பொருள் கப்பலில் வைக்கப்பட வேண்டும் என்றது. பாரந்தூக்கியிலிருந்து பெட்டி நழுவிக் கப்பல் தளத்தில் விழுந்தால் நட்டம் யாருக்கு என்ற பழைய வழக்கு இதனால் தீர்ந்தது. ஆனால் கொள்கலன்களை நாம் கப்பலிடம் கொடுப்பதில்லை, முனையத்தில் கொடுக்கிறோம். அதனால் கொள்கலன் சரக்குக்கு எப்.ஓ.பி.யைவிட எப்.சி.ஏ. (கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்தவுடன் பொறுப்பு மாறும் முறை) பொருத்தம் என்று அந்த விதிகளே சொல்கின்றன. கொழும்பில் பழக்கத்தால் எப்.ஓ.பி. என்றே எழுதிக்கொண்டிருப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கப்பல் வந்தவுடன் முதலில் ஏறுவது யார்?

பைலட், அதாவது கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவர வழிகாட்டுபவர். அவர் துறைமுகத்துக்கு வெளியே, கடலிலேயே ஏறுகிறார். மஞ்சளும் நீலமுமாகச் செங்குத்துப் பட்டைகள் உள்ள கொடி "பைலட் வேண்டும்" என்பது. பாதி வெள்ளை, பாதி சிவப்பான கொடி "பைலட் கப்பலில் இருக்கிறார்" என்பது. முழு மஞ்சள் கொடி "கப்பலில் நோயில்லை, சுகாதார அனுமதி தாருங்கள்" என்று கேட்பது. அந்த அனுமதி கிடைக்குமுன் மற்றவர்கள் ஏறக்கூடாது. பிறகு சுங்கம், குடிவரவு அதிகாரிகள், முகவர் கொம்பனியின் ஆள். இந்த ஆளைக் கொழும்பில் "வாட்டர் கிளார்க்" என்பார்கள். தமிழாக்கிக் கஷ்டப்பட வேண்டாம். அந்த வேலையில் இருக்கும் தமிழர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

லோஞ்சிலிருந்து (ஆட்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் சிறு இயந்திரப் படகு) கயிற்றேணியில் எப்படி ஏற வேண்டும்? எங்கே பிழை வரும்?

பைலட்மார் மட்டுமல்ல, காலிக்கு அப்பால் ஓடும் கப்பலில் வேலைக்குச் சேருகிற மாலுமிகளும் பல தடவை இப்படித்தான் ஏறுகிறார்கள். "கப்பலேறுதல்" என்ற சொல்லின் ஆபத்து முழுவதும் இந்தச் சில மீற்றரில்தான் இருக்கிறது.

முதலில் ஏணியைப் பாருங்கள். சர்வதேச விதிப்படி படிகளுக்கிடையே தூரம் 310 முதல் 350 மில்லிமீற்றர், எல்லாப் படிக்கும் ஒரே அளவு. பக்கக் கயிறுகளுக்கிடையே குறைந்தது 400 மில்லிமீற்றர். கீழிருந்து நான்கு படிகள் இறப்பராக இருக்கலாம். ஐந்தாவது படி நீளமான குறுக்குப் பலகை, குறைந்தது 1.8 மீற்றர், ஏணி முறுகித் திரும்பாமல் காப்பது அதுதான். நீர்மட்டத்திலிருந்து ஏற வேண்டிய உயரம் 9 மீற்றருக்கு மேல் போனால் கயிற்றேணி மட்டும் போதாது. கப்பலின் சாய்வுப் படிக்கட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்தப் படிக்கட்டின் கீழ்த்தட்டு கடலிலிருந்து குறைந்தது 5 மீற்றர் மேலே இருக்க வேண்டும், சாய்வு 45 பாகையைத் தாண்டக்கூடாது.

படி சரிந்து நிற்கிறதா, கயிறு நைந்திருக்கிறதா, ஏணியைப் பக்கக் கயிற்றில் கட்டாமல் படியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்று பிழையாக இருந்தாலும் ஏறாதீர்கள். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஏணியை இழுத்தெடுக்கும் கயிறு கீழே தொங்கினால் அதுவும் பிழை. லோஞ்சு அதில் மாட்டி ஏணியையே பிடுங்கிவிடும்.

உயிர்காப்பு அங்கியைப் பூட்டுங்கள். பை தோளில் இருக்கக்கூடாது, மேலிருந்து விடும் கயிற்றில் தனியாக அனுப்புங்கள். கப்பல் காற்றுப் படாத பக்கத்தை உங்களுக்குத் தர வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை கொழும்புக்கு வெளியே இது இல்லாமல் ஏறவே முடியாது.

லோஞ்சு அலையில் மேலெழுந்து உச்சிக்கு வரும் கணத்தில் ஏணியில் கால் வையுங்கள். புதியவர்கள் லோஞ்சு தாழ்ந்திருக்கும்போது அவசரப்பட்டு ஏணியைப் பிடிக்கிறார்கள். அடுத்த அலையில் லோஞ்சு எழுந்து காலை நசுக்கும். உச்சியில் கால் வைத்தவுடன் நிற்காமல் நாலைந்து படி விறுவிறுவென்று ஏறிவிடுங்கள். கை பிடிக்க வேண்டியது பக்கக் கயிற்றை, படியை அல்ல. படியில் எண்ணெயோ ஈரமோ இருக்கலாம், மேலே வருபவரின் கால் உங்கள் விரலில் விழலாம். மேல்விளிம்பில்தான் பலர் தடுமாறுகிறார்கள்: களைத்த கை, பிடிக்க எதுவும் இல்லாத இடைவெளி. அங்கே இரண்டு பக்கமும் நிலையான கைப்பிடிக் கம்பிகள் இருப்பதை லோஞ்சில் நிற்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போதும் உச்சிக் கணத்தில்தான் லோஞ்சுக்குக் காலை மாற்ற வேண்டும்.

மாலுமிகள் "சைன் ஒன்" என்பதும் கப்பலேறுவதும் ஒன்றா?

கிட்டத்தட்ட. கால் வைப்பது ஏறுவது. கப்பலின் ஊழியர் ஒப்பந்தத்தில் பெயர் ஏறுவது சைன் ஒன். கடற்சேவைக் காலம் கணக்கிடப்படுவது இரண்டாவதிலிருந்து. அந்தத் திகதியும், இறங்கிய திகதியும் உங்கள் சீ.டி.சி. புத்தகத்தில் (மாலுமியின் கடற்சேவைப் பதிவுப் புத்தகம்) கப்டனின் கையெழுத்துடனும் முத்திரையுடனும் இருக்கிறதா என்று கப்பலை விட்டு இறங்குமுன் பாருங்கள். பிறகு தேடிப் பிடித்து வாங்குவது பெரிய அலைச்சல், அடுத்த பரீட்சைக்கான தகுதியும் தள்ளிப்போகும். மருத்துவச் சான்றிதழ் கூடியது 2 ஆண்டுக்குச் செல்லுபடியாகும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஓராண்டு. ஒப்பந்தம் முடியும்வரை அது நீடிக்குமா என்று ஏறுமுன் எண்ணிப் பாருங்கள்.

கடற்கொள்ளையர் கப்பலுக்குள் போவதையும் ஏறுதல் என்று எழுதலாமா?

"அத்துமீறி ஏறினார்கள்" என்று எழுதலாம். கடற்படையோ சுங்கமோ போனால் "கப்பலில் ஏறிச் சோதனையிட்டார்கள்". "கப்பலேறி" என்று சேர்த்தால் அவர்களும் பயணம் போனதாக ஆகிவிடும்.

"கள்ளத்தோணி" என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா?

அனுமதியில்லாத படகுப் பயணத்தைக் குறித்துப் பிறந்த சொல் இது. ஆனால் இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழரை இழிவுபடுத்தும் வசையாக அது ஆண்டாண்டாகப் பயன்பட்டது; சிங்களப் பேச்சிலும் அப்படியே புகுந்துவிட்டது. சட்டப்படி வரவழைக்கப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியவர்களின் பிள்ளைகளை நோக்கி வீசப்பட்ட சொல் அது. வரலாறு எழுதும்போது மேற்கோளாக வரலாம். செய்தியில் "அனுமதியின்றிப் படகில் சென்றவர்கள்" என்று எழுதுங்கள்.

விமானத்துக்கும் கப்பலேறு என்று சொல்லலாமா?

இல்லை. "பிளேன் ஏறிட்டா", "விமானமேறினார்" என்பதே வழக்கு. முழுமையாகப் பிரிந்துபோன, திரும்பாத பயணம் என்ற நிறம் அதில் குறைவு. இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. மானமும் இன்னும் பிளேன் ஏறவில்லை.